பிஸ்கட் டின்னில் அறுபது அடையாள அட்டை

நீங்க எல்லாம் போன்ல ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு அரை மணியில நூறு பேரை ஷூட்டிங்குக்கு வரவைக்கிறீங்க. சந்தோஷம். நான் ஆள் சேத்த காலத்துல தோட்டத்து வரிசைவீட்டு லயம் ஒவ்வொண்ணா ஏறி இறங்கி, வாசலுக்கு வாசல் பிளேன்டீ குடிச்சி, வயிறு கலங்கித்தான் வேன் நிரப்புனேன். சாப்பாட்டுப் பார்சலுக்கு யார்கிட்ட சொல்றது, மழை வந்தா ஆளுகள எங்க ஒதுக்குறதுங்கிறதெல்லாம் ரெண்டு மாசத்துல ஒங்களுக்கே பழகிரும். அதுக்கு நான் எதுக்கு. என்னைப் பத்தி நல்லவிதமா நாலு கதை ஊர்ல ஓடுது, அதைக் கேட்டுட்டுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கீங்க. நான் சொல்லப் போறது அந்த நாலுல சேராத கதை.

கித்துல்கலைக்குக் கொஞ்சம் கீழ, பஜார்ல எங்கப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. அதனால சுத்துப்பட்டு ரப்பர் தோட்டத்துல எல்லாருக்கும் நான் கடைக்காரண்ணன். படக்காரங்க ஆத்தைப் பாத்து வந்தாங்க, காட்டைப் பாத்து வந்தாங்க. ஆத்துக்கும் காட்டுக்கும் நடுவுல ஓடுறதுக்கு ஆள் வேணும், சுட்டா விழுறதுக்கு ஆள் வேணும். கடைக்காரண்ணன் கூப்பிட்டா நம்பி வருவாங்க. என் தொழிலுக்கு அந்த நம்பிக்கைதான் முதல், வேற ஒரு மண்ணும் கெடையாது.

அந்தப் படம் வெளிநாட்டுக்காரங்க படம். கதையை ஒரே மூச்சுல சொல்லிரலாம். பட்டாளத்தை விட்டு ஒதுங்கி, தலை நரைச்சி, குதிரை வளத்துக்கிட்டுக் கெடந்த ஒரு கெழவன், காட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட பழைய கூட்டாளிய மீட்கத் திரும்பத் துப்பாக்கியத் தூக்குறான். அவ்வளவுதான் கதை. மிச்சம் பூரா ரத்தம். வெடிக்குது, எரியுது, கை தனியா கால் தனியா பறக்குது. எந்த நாட்டுக் காடுன்னு படத்துல சொல்ல மாட்டாங்க. எதிரிப் படையும் எங்க ஆளுகதான், எரியிற கிராமத்துச் சனங்களும் எங்க ஆளுகதான். காலையில கொல்றவன் பின்னேரம் சாவான்.

காலத்தையும் சொல்லிர்றேன். வடக்குல சண்டை முத்திப்போயி கடைசிக் கட்டத்துக்கு வந்துக்கிட்டிருந்த வருஷங்க. எங்க பக்கம் குண்டு சத்தம் கெடையாது, ஆனா ரோட்டுக்கு ரோட்டு சோதனை. தமிழ்ப் பேரு உள்ளவன் சட்டைப் பையில அடையாள அட்டை இல்லாம கக்கூசுக்குக் கூடப் போக மாட்டான். அட்டையை நாங்க ஐசின்னு சொல்லுவோம். தோட்டத்துல பாதிப் பேருக்கு அந்த ஐசி கெடைச்சதே பெரும்பாடு. பொறந்த சர்டிபிகேட் இருக்காது, பேரு ஒண்ணுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி இருக்கும். அலைஞ்சி அலைஞ்சி வாங்குனதைப் பொலித்தீன்ல சுத்தி நெஞ்சோட வச்சிருப்பாங்க.

அந்த ஐசியத்தான் நான் வாங்கி வச்சேன். ஏன்னு கேளுங்க. ஷூட்டிங் தொடங்கின முதல் வாரத்துல பதினாலு சோடி பூட்ஸ் காணாமப் போச்சு. அட்டைப்பூச்சிக் கடிக்கு நடுவுல வெறுங்கால்ல ரப்பர் பால் வெட்டுற சனத்துக்கிட்ட நல்ல தோல் பூட்ஸைக் குடுத்தா திரும்பவா வரும். கொழும்பிலேர்ந்து வந்த தயாரிப்பு மெனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கிழிகிழின்னு கிழிச்சாரு. நான் அன்னைக்கே ஒரு சட்டம் போட்டேன். காலையில ஐசியக் குடுத்துட்டு உடுப்பை வாங்கு, பின்னேரம் உடுப்பைக் குடுத்துட்டு ஐசிய வாங்கு. உடுப்புல கிழிசலோ கறையோ இருந்திச்சின்னா ஐசி கைக்கு வராதுன்னு வேற மெரட்டி வச்சேன். அறுபது ஐசியும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள்ள, டின்னு உடுப்பு வேன்ல, பூட்டுச் சாவி என் இடுப்புல. அதுக்கப்புறம் ஒரு சரடு கூடத் தொலையல. மெனேஜர் என் முதுகுல தட்டி, அடுத்த படத்துக்கு ஆள் சேக்கிறதுல நீதான் ஹெட்டுன்னாரு. எனக்குத் தலைகால் புரியல.

அந்த அறுபதுல ஒருத்தன் சிவனு. முப்பது வயசு இருக்கும், ரப்பர் பால் வெட்டுறவன், லெச்சுமின்னு பொண்டாட்டி. எங்க கூட்டத்துலயே நல்லா சாகத் தெரிஞ்சவன் அவன்தான். சிரிக்காதீங்க, விழுறது லேசில்ல. சுட்ட சத்தம் கேட்டதும் எல்லாப் பயலும் மொதல்ல கையை ஊனிட்டு அப்புறம் பதமா உக்காருவான். சிவனு வெட்டின மரமாட்டம் சாய்வான்.

"அண்ணே, செத்ததுக்கப்புறம் கண்ணைத் தொறந்து வைக்கவா, மூடி வைக்கவா?"ன்னு ஒருநாள் கேட்டான்.

"ஒனக்கு எது வசதி?"

"தொறந்து வச்சா ஈ வருதுண்ணே."

டைரக்டருக்கு அவனைப் புடிச்சிப் போச்சு. கிராமத்தை எரிக்கிற காட்சியில, கேமராவுக்குப் பக்கத்துல அவன் தனியா விழுற மாதிரி ஒரு ஷாட் வச்சாங்க. சிவனு லயம் பூராவும் சொல்லிட்டான்.

இன்னொருத்தரையும் சொல்லணும். துப்பாக்கிய எப்படிப் புடிக்கிறது, எப்படி நடக்கிறதுன்னு ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு சிங்களப் பெரியவர் வந்திருந்தாரு. பட்டாளத்துல சார்ஜனா இருந்து, முழங்கால் போயி ஓய்வு வாங்கினவர். பேரு சொல்ல மாட்டாரு, சார்ஜன்னாப் போதும்பாரு. படத்துல வெளிநாட்டுக் கெழவன் பத்து பேரை ஒத்தக் கையால சாய்க்கிறப்போ இவரு குடைக்குக் கீழ உக்காந்து வெத்தலை போடுவாரு. முகாம் வாசலை இனி இந்தச் சென்மத்துல மிதிக்கிறதில்லன்னு ஒரு தடவை என்கிட்ட சொன்னாரு. ஏன்னு நான் கேக்கல.

சரி, அந்த நாளுக்கு வர்றேன். கிராமத்தை எரிக்கிற நாள். ஓலைக் குடிசை இருபது, மூணு வாரமாக் கட்டினது, எண்ணெய் ஊத்தி வச்சாச்சு. ஒரு தடவைதான் எரிக்க முடியும். பகல் பன்னண்டு மணி வெயிலுக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்.

எங்க ஆளுகள்ல பாதிப் பேரு செஞ்ச ஒரு திருட்டுத்தனம் எனக்குத் தெரியும். விடியக்காலையில தோட்டத்துல வேலைக்குப் பேரு போட்டுட்டு, மரத்தை வெட்டிவிட்டுட்டு ஷூட்டிங்குக்கு வந்துருவாங்க. பால் சிரட்டையில வடிஞ்சிக்கிட்டிருக்கும். பத்தரை பதினொண்ணுக்குப் பொம்பளைங்க போயி சேத்து நிறுக்கக் குடுத்துருவாங்க. ரெண்டு எடத்துலயும் சம்பளம். நான் கண்டும் காணாம இருந்தேன். அன்னைக்கு லெச்சுமிக்குக் காய்ச்சல். பால சேக்க ஆளில்ல. விட்டா சிரட்டையிலயே கட்டியாயிரும், அன்னையப் பேரும் நாள் சம்பளமும் போயிரும். அவன் ஷாட் பன்னண்டுக்கு, மரம் இருக்கிறது ரோட்டுக்கு அந்தப் பக்கம். முக்கா மணியில போயிட்டு வந்துரலாம்னு சிவனு கணக்குப் போட்டான். என்கிட்ட சொன்னா விட மாட்டேன்னு, பொம்மைத் துப்பாக்கிய மச்சான் காளிமுத்துக்கிட்டக் குடுத்துட்டு நழுவிட்டான்.

நழுவுனவன் ஒரு காரியம் பண்ணினான். ரப்பர் பால் துணியில பட்டா கறுத்துப் போயிரும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. கறை பட்டா ஐசி இல்லன்னு நான் சொல்லியிருக்கேன்ல. அதனால பட்டாளத்துக் காற்சட்டை சட்டைக்கு மேல சாரத்தைக் கட்டி, மச்சானோட பழைய சட்டையையும் மாட்டிக்கிட்டுத்தான் போயிருக்கான். கையில வாளி.

ரோட்டுல அன்னைக்குப் பாத்து ஒரு திடீர் சோதனை. எங்க ஊர்ல வழக்கமா நிக்கிறவங்க இல்ல, வெளியூர்லேர்ந்து வந்தவங்க, ஷூட்டிங் நடக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. அவங்க பாத்தது என்ன? சாரத்துக்குக் கீழ பூட்ஸ் தெரியுது. சாரத்தைத் தூக்கினா உள்ள பட்டாளத்து உடுப்பு. உடுப்புல ரத்தம். அது மேக்கப் பாகுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். பேரு சிவனு. ஐசி இல்ல. சிவனு நல்ல சிங்களத்துல எல்லாத்தையும் விளக்கியிருக்கான். எங்க பக்கத்து ஆளுக சிங்களம் அப்படித்தானே, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா வித்தியாசம் தெரியாது. அதுவே வினையாப் போச்சு. இவ்வளவு சுத்தமா சிங்களம் பேச ஒனக்கு எங்க பயிற்சி குடுத்தாங்கன்னு கேட்டிருக்காங்க.

பதினொண்ணேகாலுக்குப் பஜார் ஆட்டோக்காரப் பையன் ஒருத்தன் வந்து என் காதுல சொன்னான். "கடைக்காரண்ணே, ஒங்க ஆளு ஒருத்தனை ரோட்டுல முட்டிபோட வச்சிருக்காங்க. கையைப் பின்னால கட்டியிருக்கு."

நான் நேரா மெனேஜர்கிட்ட ஓடினேன். ஷூட்டிங்குக்கு அனுமதி குடுத்த கடுதாசி அவர் பையில இருக்கு. அந்தக் கடுதாசியும் சிவனுவோட ஐசியும் இருந்தாப் போதும். அவரு கடிகாரத்தைப் பாத்தாரு. "கடுதாசி ஒண்ணுதான் இருக்கு. செட்டுல துப்பாக்கி இருக்கிறப்போ அது இங்கருந்து நகரக் கூடாது. காட்சி முடியட்டும், நானே வர்றேன். ரெண்டு மணி நேரம் உக்கார வைப்பாங்க, அப்புறம் விடுவாங்க. பாத்ததே இல்லையா நீங்க?"

பாத்திருக்கேன். எத்தனையோ தடவை பாத்திருக்கேன். நானே உக்காந்திருக்கேன். அதனாலதான் அந்தப் பேச்சு எனக்கும் நியாயமாப் பட்டுச்சு. இன்னும் நேராச் சொல்றேன், நியாயமாப் படணும்னு நானே ஆசைப்பட்டேன். அடுத்த படத்துக்கு ஹெட்டுங்கிறது மண்டைக்குள்ள இருந்திச்சு.

சார்ஜன் குடைக்குக் கீழருந்து எந்திரிச்சி நொண்டிக்கிட்டு வந்தாரு. ஆட்டோக்காரன் அவருக்கும் சொல்லியிருக்கான்.

"தென்ம யமு," அப்படின்னாரு. இப்பவே போவோம்.

"காட்சி முடியட்டும் சார்ஜன். மெனேஜர் வர்றேன்னாரு."

"நான் அந்தப் பக்கம் நின்னவன். கேளு. ரோட்டுல இருக்கிற வரைக்கும் அவன் வேஷம் போட்ட ஒரு கோமாளி. ரெண்டு அறை விட்டு அனுப்பலாம். வண்டியில ஏத்திட்டா அவன் ஒரு கேஸ். கேஸை அறைஞ்சு வீட்டுக்கு அனுப்ப ஒருத்தனுக்கும் தைரியம் வராது. அவனோட ஐசிய எடு."

நான் எடுக்கல. ஏன்னு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க. உடுப்பு வேனைச் சுத்தித்தான் நம்ம ஆளுக அத்தனை பேரும் நெழலுக்கு உக்காந்திருந்தாங்க. நான் போயி டின்னைத் தொறந்து ஒரே ஒரு ஐசிய எடுத்தா, யாருதுண்ணே, எதுக்குண்ணேன்னு கேப்பாங்க. விஷயம் தெரிஞ்சா அம்பத்தொம்பது பேரும் ஐசியக் கேட்டு நிப்பாங்க. காட்சிக்கு ஒருத்தன் நிக்க மாட்டான். எண்ணெய் ஊத்தின குடிசை அப்படியே கெடக்கும். நான் அதைத்தான் நெனைச்சேன்.

சார்ஜன் என் மொகத்தை ஒரு நிமிஷம் பாத்தாரு. திட்டல. அதே ஆட்டோவுல ஏறி, வெறுங்கையோட போனாரு.

போனதும் காளிமுத்து என்கிட்ட வந்தான். "அண்ணே, மச்சானை இன்னும் காணல. ஷாட்டுக்கு நேரமாச்சே."

"வயித்து வலின்னு அப்படியே லயத்துக்குப் போயிட்டானாம். அவன் எடத்துல நீ விழு."

அவன் சந்தோஷமாப் போயி நின்னான். பன்னண்டு மணிக்குக் குடிசையைக் கொளுத்தினாங்க. நான் செவப்புக் கொடியை ஆட்டினேன், ஆளுக ஓடினாங்க, கத்தினாங்க, விழுந்தாங்க. அந்தக் கொடியை மேக்கப்காரன் ஆட்டியிருக்கலாம். சமையக்காரன் ஆட்டியிருக்கலாம். நான்தான் ஆட்டணும்னு எங்கயும் எழுதி வைக்கல. எரிஞ்சி முடிச்சி, புகையில கொஞ்சம் எடுத்து, சாம்பல்ல கொஞ்சம் எடுத்து, ரெண்டரை மணி ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

கை தட்டி முடிக்கல, சார்ஜன் வந்து எறங்கினாரு. சட்டை நனைஞ்சி ஒட்டியிருந்திச்சு. பென்ஷன் புத்தகத்தைக் காட்டி, விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சி, பேரன் வயசுக்காரன் ஒருத்தன்கிட்ட ரெண்டு மணி நேரம் கெஞ்சியிருக்காரு. அந்தப் பையனும் கெட்டவனில்ல. பெரியவரே, ஐசியையோ கடுதாசியையோ ஏதாவது ஒண்ணைக் கொண்டாங்க, விட்டுர்றேன்னுதான் சொல்லியிருக்கான். வரும், வந்துக்கிட்டிருக்குன்னு இவரு சொல்லிச் சொல்லி நிறுத்தி வச்சிருக்காரு. நான் வருவேன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னிருக்காரு. மேலேர்ந்து ஒரு வண்டி வந்திச்சு.

"ஏத்திட்டாங்க," அப்படின்னாரு. "இருபது நிமிஷம் ஆச்சு."

நானும் மெனேஜரும் ஐசியும் கடுதாசியுமா அப்புறம் பறந்தோம். ரோட்டுல நின்ன பையன் ரெண்டையும் வாங்கிப் பாத்துட்டு, தலையில கையை வச்சிக்கிட்டான். எங்களால இனி ஒண்ணும் செய்ய ஏலாது, மேல போயிக் கேளுங்கன்னான். மேல போனோம். இங்க இல்ல, அங்கன்னாங்க. அங்க போனா அப்படி ஒரு பேரே வரலன்னாங்க. ஒரு மாசத்துல படக்காரங்க மூட்டையைக் கட்டிட்டாங்க. மெனேஜர் கொழும்புலேர்ந்து ஒரே ஒரு கடுதாசி போட்டாரு, அதோட அவரு சோலி முடிஞ்சிச்சு. அடுத்த படத்துக்கு என்னைத்தான் ஹெட்டாப் போட்டாரு. நான் போனேன். அதையும் மறைக்க விரும்பல.

லெச்சுமி கூட அலைஞ்சவரு சார்ஜன்தான். முகாம் வாசலை மிதிக்க மாட்டேன்னவரு, ஒவ்வொரு வாசல்லயும் அந்த முழங்காலோட வெயில்ல நின்னாரு. சிவனு எங்க இருக்கான்னு தெரியவே மூணு மாசம் ஆச்சு. வெளிய வர இன்னும் ஏழு மாசம். கேஸு கெடையாது, குத்தம் கெடையாது, போகலாம்னு ஒருநாள் சொல்லி அனுப்பிட்டாங்க. சார்ஜன் என்கிட்ட அதுக்கப்புறம் பேசவே இல்ல. பஜார்ல எதிர்ல வந்தா, நான் ஒரு வெளக்குக் கம்பங்கிற மாதிரி தாண்டிப் போவாரு. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். அது தெரிஞ்சுதான் பேசாம இருந்தாருன்னு நெனைக்கிறேன்.

இந்தத் தொழில்ல ஒங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒண்ணுதான். ஆளோட அட்டையைப் புடுங்கி வைக்காதீங்க, பூட்ஸ் போனாப் போகட்டும். ஒங்க ஆளு ஒருத்தன் வெளிய மாட்டிக்கிட்டான்னு காதுல விழுந்தா, எரியிறது குடிசையா இருந்தாலும் சரி, கோட்டையா இருந்தாலும் சரி, அந்த நிமிஷமே கெளம்புங்க. ரெண்டு மணி நேரத்துல விட்டுருவாங்கன்னு ஒருத்தன் சொல்லுவான். அவன் பொய் சொல்ல மாட்டான், நூத்துக்குத் தொண்ணூறு தடவை அப்படித்தான் நடக்கும். மிச்சத்துல மாட்டுறவன் யாருன்னு முன்கூட்டித் தெரியாது. எல்லாரையும் நிறுத்திட்டுப் போனா என்ன நடக்கும்? திட்டுவாங்க. வேலை போகும். பஜார்ல கடை வச்சிப் பொழைக்கலாம். நான் அதை அன்னைக்கு யோசிக்கல.

சிவனு வந்து ஒரு வாரம் கழிச்சி, அவன் ஐசியக் குடுக்க லயத்துக்குப் போனேன். அதுக்கு முந்தி போக எனக்குத் தைரியம் வரல. எளைச்சிப் போயி, முடியெல்லாம் நரைச்சி உக்காந்திருந்தான். வலது கை வெரல் நாலும் மடங்கல. பால் வெட்டுற கத்திய அந்தக் கையால இனிப் புடிக்க முடியாதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிச்சு. லெச்சுமி என்னை வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. காளிமுத்து என்னைப் பாத்ததும் எந்திரிச்சி வெளிய போயிட்டான். வயித்து வலின்னு நான் சொன்னதை அவன் எல்லாருக்கும் சொல்லியிருப்பான்.

சிவனு மட்டும் வாங்கண்ணேன்னான். ஐசிய எடது கையால வாங்கி, பின்பக்கம் முன்பக்கம் திருப்பிப் பாத்துட்டுப் பக்கத்துல வச்சான். அப்புறம் அவனே கேட்டான்.

"படம் வந்திருச்சாமே. அன்னைக்கு எடுத்த அந்தச் சீன் நல்லா வந்திருக்காண்ணே?"

குத்திக் காட்டுறானோன்னு மொகத்தைப் பாத்தேன். இல்ல. நெசமாத்தான் கேட்டான். அவன் விழ வேண்டிய சீன் அது. பத்து மாசம் உள்ள கெடந்தப்போ அதையும் நெனைச்சிருப்பான் போல. நல்லா வந்திருக்குன்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சு. ஏற்கெனவே ஒரு பொய் சொன்னது போதும்னு தோணிச்சு.

"படத்துல அந்தச் சீன் இல்ல சிவனு. நீளமாப் போச்சுன்னு முழுசா வெட்டிட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப எதுக்குண்ணே அங்கயே நின்னீங்க?"